சிப்பாய்க்கு ஆறு பிஸ்கட்

அன்று மரக்கடையில் இருந்தவர்கள்: முதலாளி, பில் போடும் பில்லம்மா, அறுவை மிஷின்காரர், லாரி டிரைவர். ஆக நாலு பேர். நடுவில், புதிதாக வந்த காவல் நாய்.

நாய்க்குப் பெயர் வைக்க அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு மூலையில் நின்று, மனதில் நினைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் யாரிடம் போகிறதோ, அவர் வைத்ததுதான் பெயர்.

பழைய நாய்க்கு அப்படித்தான் பெயர் வந்தது. வாட்ச்மேன் அண்ணன் "சிப்பாய்!" என்றதும் குட்டி தத்தித் தத்தி ஓடிப்போய், அவர் செருப்பை நனைத்துவிட்டு நின்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் டீக்கடையில் வாங்கும் ஆறு பிஸ்கட்டும் அதற்குத்தான். அவருக்கு வெறும் டீ.

அந்தச் சிப்பாய் போன மழைக்காலத்தில் பில்லம்மாவின் மேஜைக்கடியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அப்போது வாட்ச்மேன் அண்ணன் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று முதலாளி அன்றே சொல்லிவிட்டார். இன்றும் மழை பெய்தால் பில்லம்மாவின் கால், மேஜைக்கடியில் அந்த வெதுவெதுப்பைத் தேடும்.

"டைகர்! டைகர்!" மிஷின்காரர் தொடையைத் தட்டினார்.

"ஹாரன்! வாடா ஹாரன்!" என்றார் டிரைவர்.

"அது என்னய்யா பேரு?"

"சத்தம் போடத்தானே கூட்டி வந்திருக்கு?"

"முத்து, இங்க வாடா" என்றாள் பில்லம்மா. நாய் அவள் பக்கம் திரும்பி ரெண்டடி வைத்தது.

"சிப்பாய்!"

முதலாளியின் குரல். நாய் பட்டென்று திரும்பி அவரிடம் ஓடியது.

"அவ்வளவுதான். சிப்பாய்னு முடிஞ்சுது. போய் வேலையைப் பாருங்க."

அவர் பின்னால் கட்டியிருந்த கையிலிருந்து பிஸ்கட் தூள் உதிர்ந்ததைப் பில்லம்மா பார்த்துவிட்டாள்.

"கூண்டுல அந்தப் பேரு எழுதியிருக்குல்ல? பெயின்ட் செலவு மிச்சம்" என்று முணுமுணுத்தார் மிஷின்காரர்.

பில்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "முதலாளி, நாளைக்கு வாட்ச்மேன் அண்ணன் வர்றாரு. வந்ததும் வராததுமா செத்த நாயோட பேரைக் கேட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. வேற பேரு வைங்க."

"உங்க வேலை பில் போடுறதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கல்நெஞ்சு, என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் டிரைவர் வாட்ச்மேன் அண்ணனை அவர் ஊரிலிருந்து கூட்டிவந்து, கைபிடித்து லாரியிலிருந்து இறக்கினார். கறுப்புக் கண்ணாடி. ஆபரேஷன் பலிக்கவில்லை, வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியுமாம்.

"கண்ணு போனா என்னய்யா, காவலுக்கு உன் காது போதும்" என்று முதலாளியே வரச் சொல்லியிருந்தார்.

கேட்டுக்கு உள்ளே கால் வைத்ததும் வாட்ச்மேன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "சிப்பாய் எங்க?"

பில்லம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் சொல்லவே இல்லையா?

"இதோ இருக்கான்யா உன் சிப்பாய்" என்றார் முதலாளி. "சிப்பாய்! போடா, யாரு வந்திருக்கா பாரு!"

நாய் வாலை ஆட்டிக்கொண்டு போனது. வாட்ச்மேன் அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து அதன் தலையை, காதை, முதுகைத் தடவினார். சட்டைப் பையிலிருந்து ஆறு பிஸ்கட்டையும் எடுத்து உள்ளங்கையில் நீட்டினார்.

"எப்படிக் கொழுத்துட்டான்! நல்லா பாத்துக்கிட்டீங்க முதலாளி."

முதலாளி, அடுக்கியிருந்த பலகைகளை மறுபடி அடுக்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

முந்தின நாள் அவர் பின்னால் கட்டியிருந்த கையும் பிஸ்கட் தூளும் அப்போதுதான் பில்லம்மாவுக்குப் புரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பில்லம்மா, பக்கத்துல வேற யாரும் இல்லையே?" என்று வாட்ச்மேன் அண்ணன் மெல்லக் கேட்டார்.

"இல்லண்ணே. டிரைவரும் லாரிகிட்ட போயிட்டாரு."

"சிப்பாய் எப்பம்மா போச்சு?"

"மழைக்காலத்துலண்ணே... என் மேஜைக்கடியிலதான். கஷ்டப்படல."

அவர் இன்னொரு கையால் நாயின் கழுத்தைத் தடவினார். பிறகு, "என் சிப்பாய் என் கையில எதையும் மிச்சம் வச்சதே இல்லம்மா. முதலாளி இதுக்கு வயிறு முட்ட ஊட்டி ஊட்டிப் பேரைப் பழக்கியிருக்காரு, பாவம். எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு" என்றார்.

உடனே குரலை உயர்த்தி, "டேய் சிப்பாய், உன் குறும்பு இன்னும் போகலியாடா!" என்று முதலாளிக்குக் கேட்கும்படி சிரித்தார்.

நீட்டிய கையை மட்டும் அவர் மடக்கவே இல்லை. அதில் மிச்சம் நாலு பிஸ்கட் இருந்தது.