பேசும் படத்துக்கு ஆகாதவன்

“காரை எடுய்யா. ரோடு என்ன உன் ஸ்டுடியோவா?”

ஹாலிவுட்டில் தன்னை இப்படி அதட்ட ஓர் ஆள் இருப்பான் என்று படமுதலாளி ஸ்டோடார்டு நினைத்ததில்லை. ஸ்டுடியோ வாசலில் ரோட்டை மறித்து நின்ற அவருடைய கார் கதவைப் பருத்த போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன். எஸ்ரா பிளெட்சர். நடிகன், டைரக்டர்.”

“திருடிட்டானா?”

“திமிர் பிடிச்சவன். ஊமைப்படத்துல கடல்கொள்ளைக்காரன், பாதிரியார், பிச்சைக்காரன்னு நூறு வேஷம் போட்டான், ஒத்துக்கறேன். இப்போ படம் பேசுது. ‘முகத்தை மாத்துவே, குரலை எப்படி மாத்துவே, பேசும் படத்துக்கு நீ ஆகமாட்டே’ன்னு சொல்லி, அவன் டைரக்ட் பண்ணிட்டிருந்த படத்தைப் பிடுங்கிட்டேன்.”

“அழுதானா?”

“அவனா அழுவான்? மேஜையில ஓங்கிக் குத்தினான். ‘இன்னிக்கு இருட்டறதுக்குள்ள உன் எதிர்ல நின்னு பேசுவேன். என் குரல் உனக்கு அடையாளம் தெரியலைன்னா படம் எனக்கு’ன்னான். எல்லார் முன்னாடியும் நானும் சரின்னுட்டேன்.”

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாங்க, நானும் தேடறேன்.”

ஸ்டுடியோவுக்குள் போய், படத்தில் கூட்டமாக நிற்க வந்திருந்த கிழவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் பேசச் சொல்லிக் கேட்டார் ஸ்டோடார்டு. சந்தேகம் வந்த தாடி ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது நிஜத் தாடி. கிழவர் வலி தாங்காமல் கெட்ட வார்த்தையில் திட்டினார். சமையல்காரர், தச்சர் யாரும் தப்பவில்லை. நடிகைகளுக்குத் தலைவாரும் அம்மாள் மட்டும், கொண்டையில் கை வைத்ததும் பளாரென்று அறைந்துவிட்டாள்.

இருட்டிவிட்டது. ஸ்டோடார்டு கன்னத்தைத் தடவியபடி போலீஸ்காரரோடு வாசலுக்கு வந்தார்.

“வரலை. பயந்துட்டான். எத்தனை வருஷமா கேட்ட குரல்! எந்த மூலையில பேசியிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன்.”

“ஒருவேளை ஜெயிச்சிருந்தா, நிஜமாவே படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீங்களா?”

“வார்த்தைன்னா வார்த்தைதான் சார்.”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். மீசையையும் கழற்றினார்.

“அப்போ நாளைக்குக் காலையில என் ஆளுங்களை வரச் சொல்லிடு ஸ்டோடார்டு” என்றார், எஸ்ரா பிளெட்சரின் குரலில்.