குதிரைத் தோல்தான் வேணும்

"குதிரைத் தோலா! உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, பெரியவரே?"

கடையே அதிர்ந்தது. அதிர்ந்து என்ன, கடையில் இருந்ததே மூன்று பேர்தான்.

பூட்ஸ் கடை வெர்னாவுடையது. சத்தம் போட்டவள் மெரிடித். பெரிய நகரத்தில் சம்பாதித்துவிட்டு, மொன்டானாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஏரிக்கரையில் மாளிகை கட்டியவள். கோட்டில் குத்தியிருந்த வெள்ளிக் குதிரை மின்னியது. வாசலில் நின்ற அவள் காரின் பின்னால், 'குதிரை நம் தோழன்' என்று ஒட்டியிருந்தது.

திட்டு வாங்கியவர் ஆர்லோ. ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருக்கும் கிழவர். பழைய பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டை சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் மூன்று தோல் துண்டுகள். மாடு, காட்டெருமை, குதிரை. ஒவ்வொன்றாக எடுத்து மடக்குவதும், நகத்தால் கீறுவதும், முகர்ந்து பார்ப்பதுமாக இருந்தார்.

வெர்னாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. உம்மணாமூஞ்சி. தெருவில் எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார். 'நல்லா வாங்கட்டும்' என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள்.

ஆர்லோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "காட்டெருமை மெத்துனு இருக்கு வெர்னா. ஆனா ஈரம் பட்டா தொளதொளன்னு ஆயிடும். மாடு நல்லாத்தான் இருக்கு, கனம். குதிரைதான் சரி. முதல்ல ரெண்டு வாரம் காலைக் கடிக்கும். அப்புறம் நம்ம தோல் மாதிரி ஒட்டிக்கும்."

"கடிக்கட்டும்! நல்லாக் கடிக்கட்டும்!" என்றாள் மெரிடித். "ஆயுசு பூரா நம்மள முதுகுல சுமந்த ஜீவன். அதை உரிச்சுக் கால்ல மாட்டிக்கிறீங்களே, கூசலையா?"

"செத்துப்போன குதிரை தோலை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போகுது?"

"கேட்டியா வெர்னா, பேச்சை! கசாப்புக்காரன் கூட இப்படிப் பேச மாட்டான். இவருக்குப் போய் நீ அளவு எடுக்கறே!"

வெர்னா நைசாகக் குதிரைத் தோல் துண்டை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"நாங்களா எடுத்துக் காட்டறதில்லைங்க மேடம். யாராவது கேட்டாத்தான்..."

சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாக நின்ற குதிரைத் தோல் பூட்ஸ்களை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றாள். மெரிடித் மாதிரி வாடிக்கையைக் கோபித்துக்கொண்டு போகவிட முடியுமா?

"அதை மேல எடு," என்றார் ஆர்லோ. "குதிரையிலதான் தைக்கணும். கறுப்பு. கணுக்காலுக்கு மேல வர்ற உயரம்." வெர்னா அரைமனதாக அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கல்நெஞ்சு!" மெரிடித் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு அந்தக் கன்னுக்குட்டித் தோல்லயே போடு வெர்னா. தங்கக் கலர்ல." தனக்காக வெர்னா தனியே வைத்திருந்த துண்டை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். "அடடா, பூ மாதிரி இருக்கு!"

"கன்னுக்குட்டி பாவமில்லையாம்மா?" என்று கேட்டார் ஆர்லோ.

"அது வேற. அதை வளர்க்கறதே அதுக்குத்தான். குதிரை அப்படியா? அது குடும்பத்துல ஒரு ஆள். உங்களுக்கெல்லாம் எங்கே புரியப் போகுது?"

ஆர்லோ வெர்னா பக்கம் திரும்பினார். காலை நீட்டினார். வெர்னா குனிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவு நாடாவைச் சுற்றினாள்.

அப்போது மெரிடித்தின் செல்போன் அடித்தது.

"ஆமா, நான்தான். வண்டி கிளம்பிடுச்சா? சீக்கிரம் வந்து ஏத்திட்டுப் போயிடுங்க. பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள லாயம் காலியாகணும். வந்தா கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவா... ஆமா, ஹனிதான். முன்னங்கால் நொண்டுது, இனிமே ஏறி உக்கார முடியாது. புதுக் குட்டி வேற வருது, ரெண்டுக்கும் இடம் கிடையாது... ஏலத்துல என்ன கிடைச்சாலும் சரி. யாரு எடுத்தாங்க, எங்கே கொண்டு போனாங்கன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு மனசு தாங்காது."

போனைப் பையில் போட்டாள். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். கண் காய்ந்துதான் இருந்தது.

வெர்னா நிமிரவே இல்லை. நொண்டிக் குதிரை ஏலத்துக்குப் போனால் அதை யார் எடுப்பார்கள், எந்த லாரியில் எல்லை தாண்டிப் போகும், அங்கே கசாப்புக்கூடத்தில் அதை என்ன செய்வார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏலத்துக்கு வேணாம்," என்றார் ஆர்லோ. "வண்டியை என் வீட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க. நான் எடுத்துக்கறேன்."

மெரிடித் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த கறுப்புத் தோலைப் பார்த்தாள்.

"ஓஹோ! அதையும் உரிச்சு இன்னொரு ஜோடி தைச்சுக்கவா? உங்களுக்குக் குடுக்கறதுக்கு அது ஏலத்துக்கே போகட்டும்!"

வெர்னாவுக்கும் அதே நினைப்புதான். அருவருப்பில் கை தானாக நாடாவை விட்டது.

"தோலுக்கு இல்லம்மா, புல்லு மேயறதுக்கு," என்றார் ஆர்லோ. "நொண்டி, குருடு, பல்லு போனதுன்னு ஏலத்துல எடுத்ததுங்க எங்கிட்ட ஒரு கொட்டகை நிறைய இருக்கு, இதுவும் தானா சாகுற வரைக்கும் அதுங்களோட இருந்துட்டுப் போகட்டும்."