பம்பருக்குப் பம்பர்

குருசுக்குப்பத்தில் டெம்போவில் மீன் ஏற்றும் தேவதாசுக்குக் காத்தவராயனின் டெம்போவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவன் பளபளக்கும் பம்பர் மாட்டினால், இவன் மெக்கானிக்கை அனுப்பி அதைவிடப் பெரிதாக வாங்கி மாட்டுவான். அவன் ஏர்ஹாரன் வைத்தால் இவன் இரண்டு வைப்பான்.

ஒருநாள் காத்தவராயன், வண்டியின் நெற்றியில் மஞ்சள் விளக்கு மின்ன வந்து நின்றான். "உன் தகர டப்பாவுக்கு இதெல்லாம் தாங்குமாடா?" என்று எல்லோர் முன்னாலும் காறித் துப்பினான்.

"நாளைக்குப் பாருடா!" என்று கத்தினான் தேவதாஸ்.

"எங்கம்மா போட்ட கம்மல்யா!" என்று மனைவி குஞ்சம்மாள் அழ அழ, அதைப் பிடுங்கி விற்றுவிட்டு, முதல்முறையாகத் தானே, மெக்கானிக் வழக்கமாக வாங்கும் சாரம் பகுதி வண்டிச் சாமான் கடைக்குப் போனான்.

"இருக்கறதுலயே பெரிய லைட்டா எடுங்க!"

கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்தான். காத்தவராயன்.

"வா, வா. என் வண்டியில எத மாட்டுனாலும் மறுநாளே நீ வாங்கிடற. நம்ம கடைக்கு நல்ல யாவாரம்!"