காயாத ஜாக்கெட்

"ஜூலை 9. இன்று ஒரு சிறு தவறு. மாதன் அண்ணனின் சட்டையை எடை பார்க்காமலே ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன்" என்று எழுதிய கனிமலர், தவறு சிறியதுதானா என்று யோசித்தாள். நனையும் முன்பும் பின்பும் துணியை எடை பார்க்க வேண்டும் என்பது துணிச் சோதனை மாலை வகுப்பில் அவள் படித்த முதல் பாடம்.

வனக்காவலர்கள் மழைக்காலம் முழுக்கப் போடுவதற்காக அவளுடைய கம்பெனி தைத்த மழை ஜாக்கெட் அது; சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. கொட்டும் மழையில் காவலர் மாதன் அதைப் போட்டுக்கொண்டு மலையேறி இறங்கி வந்ததும் அவள் ஜிப்பைத் திறந்தாள். ஊசிப்போன மோர் நாற்றம் முகத்தில் அடித்தது. மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தியபோது வெதுவெதுப்பான வியர்வை அவள் உள்ளங்கையில் வழிந்தது. அவர் கழுத்துத் தோல் ஊறி வெளுத்து, உரசிய இடத்தில் உரிந்திருந்தது.

"வெளிய பெஞ்சதே தேவலாம்மா," என்றார் மாதன்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கம்பெனி மேலாளர் தேவசகாயம் தள்ளி நின்றார். "மழைத்தண்ணி உள்ள வந்துச்சா?"

"இல்ல சார். ஆனா சட்டையைப் பிழியலாம்."

"எவ்வளவு ஈரம்னு கணக்கு இருக்கா?"

அவளிடம் இல்லை.

"அப்ப ரிப்போர்ட்ல எழுதாதம்மா. வேர்வை அந்தாளோடது, கம்பெனியோடது இல்ல. எனக்கெல்லாம் இப்படி வேர்க்காது."

கனிமலர் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

மாதன் ஜாக்கெட்டை உதறாமல் அப்படியே நீட்டினார். "அப்ப நாளைக்கு நீங்க ஏறிப் பாருங்க சார்."

சுற்றி நின்ற காவலர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"ஏறினா போச்சு," என்றார் தேவசகாயம், கையை நீட்டாமல்.

கனிமலர் கடைசி வரியை எழுதினாள்: "நாளை, முதலில் சாரின் சட்டையை எடை பார்க்க வேண்டும். ஜாக்கெட்டைக் காயவைக்க வேண்டாம்."