ஒன்பதாவது குளத்தில் மதியச் சாப்பாடு

சுவர் வரைபடத்தில் ஒன்பது குளங்கள். ஐந்தே மாதத்தில் எட்டில் நோயின் சிவப்பு ஊசி ஏறிவிட்டது.

ஏழாவதில் மட்டும் பச்சை.

இந்த மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத தவளை. தோலில் ஒரு பூஞ்சை படர்கிறது. தோல் தடித்து, மூச்சு முட்டிச் செத்துப்போகிறது.

நோயைப் பார்க்க வந்திருந்த ஆய்வாளர், எந்தக் குளம் முதலில், எது அடுத்தது என்று ஊசிக்கு ஊசி நூல் கட்டிக்கொண்டிருந்தாள். வயதில் சின்னவள். ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவாள்.

பக்கத்தில் நின்றவர் தவளைகளை எண்ணுகிறவர். பதினெட்டு வருட வேலை. மாமனார் வீட்டில் அவருக்குப் பெயரே தவளை மாப்பிள்ளை.

"ஓடையில வந்திருந்தா மேலேருந்து கீழ வரணும். இது நாலாவதுலேருந்து ஒரே தாவா ஒன்பதாவதுக்குப் போயிட்டு, திரும்பி அஞ்சாவதுக்கு வருது. ஒன்பதாவதுல அப்படி என்னதான் இருக்கு அண்ணே?"

ஒரு மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் போனில் சிக்னல் கிடைக்கும். நாலாவது குளத்தை முடித்ததும் அவர் அங்கே போய், வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே சாப்பிடுவார். பிறகு திரும்பி வந்து ஐந்தாவது.

நோயும் அங்கே போய்த்தான் சாப்பிட்டிருக்கிறது.

அவர் வாசலில் கிடந்த தன் பூட்ஸைப் பார்த்தார்.

தவளைக்குத் தவளை புதுக் கையுறை மாற்றுவதில் அவர் அவ்வளவு கறார். குளத்துக்குக் குளம் பூட்ஸைக் கழுவ வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அவள் அதற்குள் ஏழாவதற்குத் தாவிவிட்டாள். அந்தக் குளக்கரையில் நட்ட கருவி வயர்லெஸ்ஸில் அனுப்பும் தவளைச் சத்தம் மேசையில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே கும்மாளம். பதிவேட்டிலும் வாரம் தவறாமல் அவர் கையெழுத்து: நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பது.

அந்தத் தண்ணீரில்தான் ஏதோ மருந்து இருக்கிறது என்றாள். இப்போதே ஏறிப்போய் ஒரு பாட்டில் எடுத்து வரவேண்டும். வாசலுக்குப் போய்ப் பூட்ஸில் ஒரு காலை விட்டாள். அதில் நேற்றைய எட்டாவது குளத்துச் சேறு அப்படியே இருந்தது.

"போகாதீங்கம்மா. அந்த நூல் போற வழி, நான் போற வழி. பூட்ஸ்லதான் போயிருக்கு."

அவள் ஒற்றைக் காலில் நின்றபடியே வரைபடத்தைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. பிறகு முகத்தில் பழையபடி ஒரு கேள்வி.

"அப்ப ஏழாவது? அங்கயும் வாராவாரம் நீங்கதானே போறீங்க?"

ஏழாவது குளம் செங்குத்தான ஏற்றத்துக்கு மேலே இருக்கிறது.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அவர் பதிவேட்டை மூடி, அவள் பக்கம் தள்ளி வைத்தார். குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஆறு மாசமா நான் அங்க ஏறவே இல்லம்மா."

அவள் பூட்ஸிலிருந்து காலை மெல்ல வெளியே எடுத்தாள்.

மேசையில், ஆறு மாதமாக யாரும் எண்ணாத தவளைகள் கத்திக்கொண்டே இருந்தன.