வயிறு காயணும் சார்

“மாஸ்டர், வெறும் வயித்துல வெயிட் தூக்கினா கொழுப்பு கரையும்னீங்க. ஒரு மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருக்கே!” எடை மெஷினிலிருந்து இறங்காமலே கத்தினார் பேங்க் மேனேஜர்.

“முடிச்சதும் என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டார் ஜிம் மாஸ்டர்.

“பசியில உயிர் போகுது மாஸ்டர். எதிர்க் கடையில ஆறு முட்டை, எட்டு ரொட்டி. அவ்வளவுதான்.”

“அப்ப வயிறு சரியா காயல சார். இனிமே முந்தின நாள் ராத்திரியும் பட்டினி கிடங்க. கொழுப்பு எங்க போயிடும்னு பாத்துடலாம்!”

கடவுளே நேரில் வந்து சொன்னது போலத் தலையாட்டிவிட்டு, மேனேஜர் எதிர்க் கடைக்கு ஓடினார்.

மாஸ்டர் மனைவிக்குப் போன் போட்டார்.

“இந்தா, மேனேஜர் நம்ம கடைக்குத்தான் ஓடி வர்றாரு. நாளையிலேருந்து அவருக்கு ஆறு முட்டை கூடுதலா அவிச்சு வை. ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திட்டேன்!”