நூறு ஜி.பி. குப்பை

"எழுத மாட்டேங்குது!" என்றான் ஹால்வர்.

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை, காலை பத்து மணி. நார்வேயின் ஆலெசுண்ட் நகரத்தில் பாதி, லீவுக்கு மலைப்பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கார் ஏற்றும் ஃபெரி படகில் டிக்கெட் வேண்டும். அந்த டிக்கெட்டுகளை எழுதி வைக்கும் ஒன்பது சர்வர்களும் இந்த ஆபீஸின் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிட்டு ஓட வேண்டும் என்பது திட்டம். மேலாளர் தோருனின் பனிச்சறுக்குக் கட்டைகள் காலையிலேயே கார் மேல் ஏறிவிட்டன. மேஜையில் ஈஸ்டருக்கு வாங்கிய ஆரஞ்சுகள் தொடப்படாமல் கிடந்தன.

"நெட்வொர்க் பாத்தியா?" என்றாள் தோருன்.

"பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. ஒவ்வொரு டிக்கெட்டையும் மூணு சர்வருக்கு அனுப்பறோம். குறைஞ்சது ரெண்டாச்சும் 'எழுதிட்டேன்'னு சொல்லணும். ஒண்ணுதான் சொல்லுது."

"ஜனங்க?"

"டிக்கெட் வரலைன்னு திரும்பத் திரும்ப அமுக்கறாங்க. ஒரே டிக்கெட்டு ஏழு தடவை வருது. ஏற்கெனவே சர்வருக்கு மூச்சு முட்டுது, இது வேற."

அப்படித் திரும்ப வருவதை முதலில் தடுக்கச் சொன்னாள். பாரம் கொஞ்சம் குறைந்தது. எழுதுவது மட்டும் நடக்கவில்லை. படகுத்துறையிலிருந்து ஐந்தாவது போன் வந்தது. கார் வரிசை சுரங்கப்பாதை வரைக்கும் போய்விட்டதாம்.

"டிஸ்க்கைப் பாரு."

ஹால்வர் பார்த்தான். "அஞ்சு சர்வர்ல டிஸ்க் ரொம்பிடுச்சு. ஒரு எழுத்துக்குக்கூட இடமில்ல. மீதி நாலும் இப்பவோ அப்பவோன்னு இருக்கு."

"எப்படி ரொம்பும்? போன மாசம்தானே 'இடம் தாராளமா இருக்கு'ன்னு மேலிடத்துக்கு எழுதினேன்?"

ஹால்வர் இன்னும் கொஞ்சம் துழாவினான். "இங்க ஒரு ஃபைல் இருக்கு. நூறு ஜி.பி. பேரு 'தொடாதே'. ஒன்பது சர்வர்லயும் இருக்கு. போட்டது எய்வின்."

தோருனின் முகம் சிவந்தது.

எய்வின் ஒரு மாதம் முன்பு வேலையை விட்டவர். விட்டார் என்பதைவிட, தோருன் விடவைத்தாள் என்பதே சரி. எதிலும் நிதானம், எப்போது பார்த்தாலும் புது டிஸ்க் வேண்டும் என்ற நச்சரிப்பு. கடைசி நாளில் "ஒரு விஷயம் சொல்லணும்" என்று வந்து நின்றார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டாள். அவர் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கமும் அவள் டிராயரில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

"ஃபைல் உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வெறும் பூஜ்யம்."

"பாத்தியா! போற போக்குல குப்பையக் கொட்டிட்டுப் போயிருக்கான்!"

"குப்பைன்னா ஒன்பதுலயும் ஒரே அளவா இருக்குமா? தேதி வேற பிப்ரவரி பன்னெண்டுன்னு இருக்கு. அப்ப அவர் போறதாவே இல்லையே."

"நீ என்ன அவனுக்கு வக்கீலா? அழி!"

அழித்தான். ஐந்தே நிமிடத்தில் சர்வர்கள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தன. டிக்கெட்டுகள் ஏற ஆரம்பித்தன.

சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் எய்வினைப் பற்றி விசாரிக்கத் தோருனுக்குப் போன் வந்தது.

இங்கே யாரையும் வேலைக்கு எடுக்கும்முன் பழைய மேலாளரிடம் விசாரித்தே தீருவார்கள். அந்த ஒரு போனில் வேலை போய்விடும். எய்வினுக்கு வயது ஐம்பத்து நான்கு. இதை விட்டால் இன்னொன்று சுலபத்தில் அகப்படாது.

"என் பேரு பெரித். எய்வின் எங்ககிட்ட வேலைக்கு மனு போட்டிருக்கார். லீவுக்கு முன்னாடி முடிவு சொல்லியாகணும். நானும் இருபது வருஷமா சர்வரோட மல்லுக்கட்டறவதான், ஒளிக்காம சொல்லுங்க."

தோருன் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஹால்வரும் நன்றாகக் கேட்கட்டும் என்று.

"ஒளிக்க என்ன இருக்கு? ஒன்பது சர்வர்லயும் ஒண்ணுக்கும் உதவாத நூறு ஜி.பி. ஃபைலப் போட்டு அடைச்சு வெச்சுட்டுப் போயிருக்கார். இன்னைக்குக் காலையிலேர்ந்து ஊரே டிக்கெட் இல்லாம தவிக்குது. அதை அழிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு உயிரே வந்துச்சு. இப்படிப்பட்ட ஆளை எந்தத் தைரியத்துல எடுப்பீங்க?"

பாவம் எய்வின், தொலைந்தார் என்று நினைத்தான் ஹால்வர். பார்க்கச் சகிக்காமல் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

"அழிச்ச உடனே எழுத ஆரம்பிச்சுடுச்சா?" என்றாள் பெரித்.

"அஞ்சே நிமிஷம்!"

"ரொம்ப நன்றி. எனக்கு இது போதும். அவருக்கு வேலை உறுதின்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"என்னது?"

"அது குப்பை இல்லைங்க, ஆபத்துக்கு ஒதுக்கி வெச்ச இடம். இடத்தைச் சும்மா விட்டா நாமளே ரொப்பிடுவோம். அதனாலதான் ஒரு ஃபைலப் போட்டு மறிச்சு வெக்கறது. கழுத்து நெரியறப்ப அதை அழிச்சா, புது டிஸ்க் வர்ற வரைக்கும் வண்டி ஓடும். நாங்களும் வெக்கறோம், ஆனா பத்து ஜி.பி. போதும். நூறு வெச்சிருக்கார்னா, கேட்டாலும் டிஸ்க் வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

தோருன் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினாள். அதற்குள் பெரித் கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம். டிஸ்க் வேணும்னு அவர் உங்களுக்கு எத்தனை தடவை எழுதினார்?"

தோருன் கார் சாவியைத் துழாவினாள்.

"மூணு தடவை. எனக்கும் நகல் வந்துச்சு," என்றான் ஹால்வர், ஆரஞ்சை உரித்தபடியே. "கடைசியா எழுதினது பிப்ரவரி பதினொண்ணு. 'இடம் தாராளமா இருக்கு'ன்னு அன்னைக்கே இவங்க பதிலும் வந்துச்சு. மறுநாள்தான் அந்த ஃபைலப் போட்டிருக்கார்."